ஷட்டருக்கு மோட்டார் போடலாமா? வாங்குறதுக்கு முன்னாடி ஒரு சின்ன கணக்கு

"நீதான் இன்ஜினியரிங் படிக்கிறியே, நீயே பார்த்துச் சொல்லு."

இந்த வசனத்தை வீட்டில் கேட்காத இன்ஜினியரிங் மாணவர் யாராவது இருக்கீங்களா? மிக்ஸி ஓடலைன்னாலும் நம்மகிட்டதான் வரும், வைஃபை வரலைன்னாலும் நம்மகிட்டதான் வரும். நான் மெக்கானிக்கல், ஃபைனல் இயர். இந்த முறை கேள்வி உண்மையாகவே என் பாடத்துக்குள் இருந்து வந்தது. திண்டிவனத்தில் அப்பா வைத்திருக்கும் ஸ்டேஷனரி கடையின் ஷட்டருக்கு மோட்டார் போடலாமா? போட்டால் எந்த மோட்டார்?

அப்பாவுக்கு வலது தோளில் வலி. கையைத் தலைக்கு மேல் தூக்கி எதையும் இழுக்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டார். நாலு மாசமா காலையில் ஷட்டரைத் தூக்குவது அம்மாதான். அம்மாவுக்கும் வயசு ஐம்பதைத் தாண்டியாச்சு.

ஹாலிவுட் படங்களில் கார் வீட்டு முன்னாடி வந்ததும் கதவு தானா மேலே போகும் இல்லையா? அதுதான் கராஜ் டோர் ஓப்பனர். அமெரிக்காவில் ஜான்சன் என்பவர் மேலே தூக்கும் கதவை 1921-லும், அதற்கான மின்சார ஓப்பனரை 1926-லும் கொண்டுவந்தார். நம்ம விழுப்புரம், திண்டிவனம் பக்கம் அந்த மாதிரி கதவு அபூர்வம். நம்மகிட்ட இருப்பது ரோலிங் ஷட்டர், இல்லைன்னா வீட்டு முன்னாடி இரும்பு கேட். ஆனால் கேட்க வேண்டிய கேள்விகள் ஒண்ணுதான். அந்தக் கேள்விகளைத்தான் இந்தக் கட்டுரையில் உங்களோட பகிர்ந்துக்கப் போறேன்.

பெரியப்பா வீட்டில் நடந்தது

அப்பா கேட்டதும் நான் உடனே "போடலாம்ப்பா"ன்னு சொல்லலை. காரணம், விழுப்புரத்தில் இருக்கும் பெரியப்பா வீடு.

பெரியப்பா வீட்டு முன்பக்கம் கார் நிறுத்த ஒரு அறை. அதற்கு ஷட்டர், ஷட்டருக்கு மோட்டார், கையில் ரிமோட். எல்லாம் பக்காவா இருந்தது. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது ஞாபகம் இருக்கா? மயிலத்தில் மட்டும் 24 மணி நேரத்தில் 51 செ.மீ. மழை. நம்ம மாவட்டமே தண்ணீரில் நின்றது. அன்றைக்கு பெரியப்பா தெருவில் கரண்ட் இல்லை. தெருவில் தண்ணீர் ஏற ஏற, காரை மேட்டுப் பக்கம் கொண்டுபோய் நிறுத்தலாம்னு ஓடினால் ஷட்டர் திறக்கலை.

கரண்ட் இல்லாதபோது கையால் திறப்பதற்கு ஒரு கயிறு இருக்கு. அதை இழுத்தால் மோட்டாரின் பிரேக் விடுபடும். ஆனால் அந்தக் கயிறு தொங்குவது ஷட்டருக்கு உள்பக்கம். கார் அறைக்கு வீட்டுக்குள்ளிருந்து வழி கிடையாது. பூட்டுக்குச் சாவி பெட்டிக்குள்ளேயே இருக்கிற கதைதான். காரும் அண்ணனின் ஸ்கூட்டரும் உள்ளேயே தண்ணீரில் நின்றன. ஆளுக்கு ஒண்ணும் ஆகலை, அதுவே பெரிய விஷயம். ஆனால் ரிப்பேர் செலவு மோட்டார் விலையைவிட அதிகம்.

அந்த மோட்டார் கெட்ட மோட்டார் இல்லை மக்களே. இன்னைக்கும் நல்லாத்தான் ஓடுது. வாங்கும்போது யாரும் கேட்காத ஒரு கேள்விதான் பிரச்சினை. எல்லாரும் "எப்படித் திறக்கும்?"னு கேட்கிறோம். "திறக்க முடியாமல் போனால் என்ன ஆகும்? மூடக் கூடாத நேரத்தில் மூடினால் என்ன ஆகும்?" இந்த ரெண்டையும்தான் முதலில் கேட்கணும்.

முதல் பாடம்: மோட்டாருக்கு முன்னாடி ஸ்பிரிங்

திண்டிவனம் கடைக்கு ஷட்டர் மெக்கானிக் அண்ணன் ஒருவரைக் கூப்பிட்டேன். அவர் மோட்டார் பற்றிப் பேசவே இல்லை. ஷட்டரைப் பாதி தூக்கி மெதுவாகக் கையை எடுத்தார். அது சரசரன்னு கீழே இறங்கியது. "தம்பி, ஸ்பிரிங் செத்துப் போச்சு. இதை விட்டுட்டு மோட்டார் போட்டா மோட்டாரும் சாகும்" என்றார்.

மேலே ஷட்டர் சுற்றிக்கொள்ளும் டிரம்முக்குள் சுருள் ஸ்பிரிங்குகள் இருக்கும். ஷட்டரை இறக்கும்போது ஸ்பிரிங் முறுக்கேறும். தூக்கும்போது அந்த முறுக்கு அவிழ்ந்து நமக்கு உதவி செய்யும். அதனால்தான் 90 கிலோ ஷட்டரை ஒரு ஆள் ஒற்றைக் கையால் தூக்க முடிகிறது. முதல் வருஷம் ஸ்டாட்டிக்ஸில் படித்த கவுன்டர்வெயிட் தத்துவம்தான், எடைக்கல்லுக்குப் பதிலாக ஸ்பிரிங்.

நல்ல ஷட்டர் பாதியில் விட்டால் ஏறக்குறைய அங்கேயே நிற்கணும். வேகமா கீழே விழுந்தால் ஸ்பிரிங் தளர்ந்திருக்கு. இதைச் செய்து பார்க்கும்போது அடியில் யாரும் நிற்கக் கூடாது. ஸ்பிரிங்கை நீங்களே கழற்றிப் பார்க்கவும் வேண்டாம். முறுக்கிய ஸ்பிரிங் கை விரலை எடுத்துவிடும். அதை மெக்கானிக்கிடம் விட்டுவிடுங்கள்.

ஊருக்குப் போகும்போது பெட்டி எடை பார்ப்பதற்குக் கொக்கி வைத்த ஒரு சின்னத் தராசு இருக்கும் இல்லையா? அதைக் கைப்பிடியில் மாட்டி இழுத்துப் பார்த்தேன். 26 கிலோ காட்டியது. ஸ்பிரிங் மாற்றி, ரெண்டு பக்க கைடு சேனலையும் சுத்தம் செய்து கிரீஸ் தடவிய பிறகு 9 கிலோ. நாலு மாசமா அம்மா தினமும் 26 கிலோவைத் தூக்கியிருக்காங்க. ஒரு வார்த்தை சொல்லலை. ஒரு ஃபைனல் இயர் மெக்கானிக்கல் மாணவன் அதே வீட்டில் உட்கார்ந்து டிசைன் ப்ராஜெக்ட் செய்துகொண்டிருந்தான்.

உங்க வீட்டில் "ஷட்டர் கனமா இருக்கு"ன்னு யாராவது சொன்னால் முதலில் இதைப் பாருங்க. சில வீடுகளில் மோட்டாரே தேவைப்படாது.

இரண்டாவது பாடம்: எத்தனை கிலோ மோட்டார்?

கடைக்காரர்கள் ஷட்டர் மோட்டாரை 300 கிலோ, 500 கிலோ, 800 கிலோ என்றுதான் சொல்லி விற்பார்கள். "பெருசா வாங்கிப் போடுங்க சார், பிரச்சினையே வராது" என்பார்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

எங்க ஷட்டர் 10 அடி அகலம், 8 அடி உயரம். அதாவது சுமார் 7.4 சதுர மீட்டர். 18 கேஜ் தகடு என்றால் தடிமன் ஏறக்குறைய 1.2 மி.மீ. மடிப்பு, பூட்டு, அடிப்பட்டை எல்லாம் சேர்த்து சதுர மீட்டருக்கு 12 கிலோ என்று வைத்துக்கொண்டேன். மொத்தம் சுமார் 90 கிலோ. உராய்வுக்கு 25 சதவீதம் சேர்த்தால் 112 கிலோ.

இங்கேதான் எலக்ட்ரிகல் மெஷின்ஸ் பாடம் உதவிக்கு வரும். இண்டக்‌ஷன் மோட்டாரின் டார்க், வோல்டேஜின் வர்க்கத்தைப் பொறுத்தது. கோடைக்கால மாலையில், லைன் கடைசியில் இருக்கும் தெருக்களில், 230 வோல்ட் வர வேண்டிய இடத்தில் 180 வந்தால்? 180-ஐ 230-ஆல் வகுத்து வர்க்கம் எடுங்க. 0.61. வோல்டேஜ் 22 சதவீதம்தான் குறைந்தது, டார்க் 39 சதவீதம் குறைந்துவிட்டது. "சாயந்திரமானா மோட்டார் முனகுது, தூக்க மாட்டேங்குது" என்று சொல்பவர்களின் பிரச்சினை பெரும்பாலும் இதுதான்.

112-ஐ 0.61-ஆல் வகுத்தால் 184 கிலோ. ஆக, 300 கிலோ மோட்டார் எங்களுக்குத் தாராளம். ஸ்பிரிங் உதவியை நான் கணக்கில் சேர்க்கவே இல்லை, அது கூடுதல் பாதுகாப்பு. 800 கிலோ மோட்டார் வாங்கினால் காசு மட்டும் வீணாகாது. வழியில் ஏதாவது தடை இருந்தால் அது அதே பலத்தோடு நசுக்கும். பட்டைகளையும் வளைக்கும்.

கரண்ட் பில்? 90 கிலோவை 30 விநாடியில் 2.4 மீட்டர் தூக்க சுமார் 70 வாட் போதும். கியர் இழப்பு, மோட்டார் இழப்பு எல்லாம் சேர்த்து 200 வாட் இழுக்கும் என்று வைத்தால், ஒரு முறைக்கு 1.7 வாட்-மணி. ஒரு நாளைக்கு நாலு முறை ஓடினாலும் வருஷத்துக்கு இரண்டரை யூனிட்கூட ஆகாது. ஆனால் ரிமோட் சிக்னலுக்காக 24 மணி நேரமும் முழித்திருக்கும் ரிசீவர் வெறும் 3 வாட் எடுத்தால்? வருஷத்துக்கு 26 யூனிட். ஷட்டரைத் தூக்குவதைவிட, "எப்போ கூப்பிடுவாங்க"ன்னு காத்திருப்பதற்குத்தான் பத்து மடங்கு செலவு!

மூன்றாவது பாடம்: எந்த வகை?

நம்ம ஊரில் பொதுவாகக் கிடைப்பவை இவை.

சென்டர் மோட்டார்: ஷாஃப்ட்டின் நடுவில் உட்காரும். ஸ்பிரிங்குகள் அப்படியே இருக்கும். கரண்ட் போனால் கயிற்றை இழுத்து பிரேக்கை விடுவித்துக் கையால் தூக்கலாம். சாதாரணக் கடைக்கும் வீட்டுக்கும் இது சரி.

சைடு மோட்டார்: ஒரு ஓரத்தில் இருந்து செயின் மூலம் ஷாஃப்ட்டைச் சுற்றும். பெரிய கனமான ஷட்டருக்கு. இதில் பொதுவாக ஸ்பிரிங் வைக்க மாட்டார்கள், முழு எடையும் மோட்டாரின் தலையில்தான். கரண்ட் இல்லாதபோது கைச்சங்கிலியால் மெதுவாக ஏற்றலாம். செயின் அறுந்தால் ஷட்டர் அப்படியே விழாமல் பிடிக்க ஒரு பாதுகாப்பு பிரேக் கட்டாயம் வேணும். கேட்டு வாங்குங்க.

டியூப் மோட்டார்: ஷாஃப்ட் குழாய்க்குள்ளேயே இருக்கும். எடை குறைந்த ஷட்டருக்கு மட்டும்.

ஸ்லைடிங் கேட் மோட்டார்: கேட்டின் அடியில் பல்சட்டம், அதை உருட்ட ஒரு பல்சக்கரம். இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. மோட்டார் தரையோடு தரையாக உட்காரும். தண்ணீர் தேங்கும் தெரு என்றால் மேடை கட்டித்தான் வைக்கணும். ஷட்டருக்கும் அதேதான். சுவிட்ச், கன்ட்ரோல் பெட்டி எல்லாம் போன வெள்ளம் வந்த மட்டத்துக்கு மேலே இருக்கணும். எர்த்திங்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி.யும் இல்லாமல் மழையில் நனையும் இரும்புக் கதவுக்குக் கரண்ட் கொடுக்காதீங்க.

கை கியர் ஷட்டர்: மோட்டாரே இல்லை. கியர் பெட்டி, சங்கிலி அல்லது சுழற்றும் கைப்பிடி மட்டும். மெதுவாகத்தான் ஏறும், ஆனால் கரண்ட் கட் என்ற கவலையே இல்லை. இதை யாரும் விளம்பரம் செய்வதில்லை, அதனால் நினைவுபடுத்துகிறேன்.

எந்த வகையாக இருந்தாலும் கயிறோ சங்கிலியோ உள்பக்கம்தான் தொங்கும். உள்ளே போக இன்னொரு கதவு இருக்கா? இல்லைன்னா வெளியிலிருந்து சாவி போட்டு விடுவிக்கும் அமைப்பு வேணும். அந்தச் சாவி வீட்டில் எங்கே இருக்குன்னு எல்லாருக்கும் தெரியணும்.

நான்காவது பாடம்: மூடும்போதுதான் ஆபத்து

பெரியப்பா வீட்டு மோட்டார் புதுசா வந்தப்போ, லீவுக்கு வந்த குட்டிப் பசங்க ஒரு விளையாட்டு கண்டுபிடிச்சாங்க. ரிமோட்டை அமுக்கிட்டு, ஷட்டர் கீழே வருவதற்குள் யார் கடைசியா குனிஞ்சு வெளியே ஓடுறாங்கன்னு போட்டி. நாங்க பெரியவங்க சிரிச்சுட்டு நின்னோம். இப்ப நினைச்சா வயிறு கலங்குது.

அமெரிக்காவில் தானாக மூடும் கராஜ் கதவுகளுக்கு அடியில் சிக்கிப் பல குழந்தைகள் இறந்த பிறகுதான் 1990-ல் சட்டம் வந்தது. 1993 ஜனவரி 1 முதல் தயாராகும் வீட்டு ஓப்பனர்கள் எல்லாவற்றிலும், தடையில் பட்டால் கதவு திரும்பி மேலே போகணும். அதோடு ஒளிக்கற்றை சென்சார் அல்லது அதற்கு இணையான இன்னொரு பாதுகாப்பும் இருக்கணும். நம்ம தெருவில் மாட்டப்படும் ஷட்டர் மோட்டார்களில் பலவற்றில் இந்த ரெண்டுமே இருக்காது. கேட்டால் "எக்ஸ்ட்ரா சார்" என்பார்கள். அந்த எக்ஸ்ட்ராவில் பேரம் பேசாதீங்க.

சென்சார் போட முடியலையா? அப்படின்னா அமுக்கிப் பிடித்தால் மட்டும் ஓடும் சுவிட்ச் போடுங்க. விரலை எடுத்ததும் ஷட்டர் நிற்கணும். சுவிட்ச் இருக்கும் இடத்திலிருந்து ஷட்டர் முழுசா தெரியணும். ஒரு தடவை தட்டிவிட்டு, பைக்கைக் கிளப்பிப் போகும் வேலை சென்சார் இல்லாத ஷட்டருக்கு ஆகவே ஆகாது.

மாட்டி முடித்ததும் ஒரு காலி அட்டைப்பெட்டியை அடியில் வைத்து மூடிப் பாருங்க. பெட்டி நசுங்கினால் உங்களுக்கு விஷயம் புரிந்துவிடும். கையையோ காலையோ வைத்துச் சோதிக்க வேண்டாம்.

இன்னொரு ஆபத்து பழைய பூட்டு. பக்கவாட்டுப் பூட்டைத் திறக்க மறந்துவிட்டு மோட்டாரை ஓட்டினால் பட்டை வளையும், மோட்டார் புகையும். பூட்டு போட்டிருந்தால் மோட்டாருக்குக் கரண்ட் போகாதபடி ஒரு சின்ன மைக்ரோ சுவிட்ச் வைக்கச் சொல்லுங்க.

புயல் காற்றிலும் ஓட்டாதீங்க. காற்றழுத்தம் என்பது 0.6 பெருக்கல் வேகத்தின் வர்க்கம். மணிக்கு 90 கி.மீ., அதாவது விநாடிக்கு 25 மீட்டர் காற்று என்றால் சதுர மீட்டருக்கு 375 நியூட்டன். எங்க ஷட்டர் முழுக்க 280 கிலோ எடை சாய்ந்து நிற்பதற்குச் சமம். அந்த அழுத்தத்தில் பட்டைகள் கைடு சேனலில் இறுகிக்கொள்ளும்.

ஐந்தாவது பாடம்: ரிமோட்

ஈ.சி.ஈ. நண்பர்களுக்காக இது. மலிவான ரிமோட்டுகள் பெரும்பாலும் 433.92 மெகாஹெர்ட்ஸில், ஒவ்வொரு முறையும் ஒரே கோடைத்தான் அனுப்பும். 12 பிட் என்றால் மொத்தமே 4,096 கோடுகள். 2015-ல் சாமி கம்கார் என்ற அமெரிக்கப் பாதுகாப்பு ஆய்வாளர், குழந்தைகள் மெசேஜ் அனுப்பி விளையாடும் ஒரு பொம்மையை மாற்றியமைத்து, இப்படிப்பட்ட கதவுகளைப் பத்து விநாடிக்குள் திறக்க முடியும் என்று காட்டினார். அதனால் ரிமோட் வேணும்னா ரோலிங் கோட் உள்ளதா என்று கேளுங்க. அதில் ஒவ்வொரு அமுக்கலுக்கும் கோட் மாறும். அதுவும் உடைக்கவே முடியாதது இல்லை, ஆனால் தெருவில் போகிறவர் சும்மா பதிவு செய்து திறந்துவிட முடியாது. ராத்திரிக்குக் கைப்பூட்டும் போட்டுடுங்க.

கடையில் கேட்க வேண்டிய ஆறு கேள்விகள்

1. கரண்ட் இல்லாதபோது எங்க வீட்டில் வயசானவர் தனியாகத் திறக்க முடியுமா? இப்பவே செய்து காட்டுங்க.
2. உள்ளே ஆளில்லாதபோது வெளியிலிருந்து எப்படி விடுவிப்பது?
3. மூடும்போது தடை பட்டால் என்ன செய்யும்?
4. 180 வோல்ட்டில் தூக்குமா?
5. ரிமோட் ஃபிக்ஸட் கோடா, ரோலிங் கோடா?
6. ரிப்பேருக்கு ஆள் திண்டிவனத்திலோ விழுப்புரத்திலோ இருக்காரா, இல்லை சென்னையிலிருந்து வரணுமா?

முதல் கேள்விக்கே "அதெல்லாம் கரண்ட் போகாது சார்" என்று பதில் வந்தால், அடுத்த கடைக்குப் போயிடுங்க.

எங்க வீட்டில் என்ன செய்தோம்?

ஸ்பிரிங் மாற்றியதும் அம்மாவுக்கு ஷட்டர் லேசாகிவிட்டது. அப்போ மோட்டார் வேண்டாமே என்று நான் நினைத்தேன். அப்பா கொஞ்ச நேரம் கழித்து மெதுவாகச் சொன்னார், "பத்தொன்பது வருஷமா நான்டா திறந்தேன்." அதற்கு மேல் கணக்கு எதுவும் தேவைப்படலை.

300 கிலோ சென்டர் மோட்டார் வாங்கினோம். கடைக்குப் பின்பக்கம் வீட்டுக்குப் போகும் கதவு இருக்கு, அதனால் கயிறு எப்பவும் கைக்கு எட்டும். ரிமோட் வாங்கலை. வெளியே ஒரு சாவி சுவிட்ச், திருப்பிப் பிடித்தால் மட்டும் ஓடும். மாசத்தில் முதல் ஞாயிற்றுக்கிழமை மெயினை ஆஃப் செய்துவிட்டு, அம்மா கயிற்றை இழுத்துக் கையால் ஒரு தடவை திறந்து பார்க்கிறாங்க. பெரியப்பாவும் வெளியிலிருந்து விடுவிக்கும் சாவி அமைப்பைப் போட்டுவிட்டார். சாவி பூஜை அறையில் தொங்குது.

இப்போ காலை ஏழு மணிக்கு அப்பா இடது கையால் சாவியைத் திருப்பிப் பிடிக்கிறார். ஷட்டர் ஏற முப்பது விநாடி ஆகும். அந்த முப்பது விநாடியும் ஷட்டரை விட்டு அவர் கண் நகர்வதில்லை.

லீவுக்கு வீட்டுக்குப் போகும்போது, அந்தக் கொக்கித் தராசை நீங்களும் எடுத்துட்டுப் போங்க. உங்க வீட்டில் யார் எத்தனை கிலோவைத் தூக்குறாங்கன்னு ஒரு தடவை பாருங்க.